ஆசிரியருக்கு ஆசிரியர்: கிரனடா முதல் மணிலா வரை ஸ்பானிய மொழி போதனை

ஸ்பெயினின் தலைநகராகிய மாட்ரிடுக்குக் கிழக்கே, 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், அல்கலா தெ எனாரெஸ் என்றொரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. அரபி அறிந்தவர்க்கு அப்பெயரின் முற்பகுதி விளக்கம் வேண்டாதது. கோட்டை எனப் பொருள்படும் ‘அல்-கல்ஆ’ என்னும் சொல்லே அது. ஸ்பானிய இலக்கியத்தின் தலைமகனாகக் கருதப்படும் செர்வாந்தெஸ் 1547இல் பிறந்த ஊரும் இதுதான். அவர் பெயரால் ஸ்பானிய அரசு 1991இல் நிறுவிய செர்வாந்தெஸ் கல்விக்கழகம், ஸ்பானிய மொழியைப் பிறநாட்டாருக்குக் கற்பிக்கவிருக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையத்தை இந்நகரில் நடத்தி வருகிறது. அங்கு வருவோர் ஸ்பானிய மொழியைக் கற்க வருவதில்லை. அது அவர்களுக்கு முன்பே தெரியும். அதை அறியாத ஒருவனுக்கு எவ்வாறு அறிவிப்பது என்பதைக் கற்கவே வருகிறார்கள்.

மொழியை அறிந்திருப்பது ஒரு கலை. அறிவிப்பது வேறொரு கலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. நாம் ஸனது பெற்ற சில வாரங்களிலேயே முதலாண்டு மாணவர்களுக்கு ஸர்ஃபு நடத்த அமர்த்தப்பட்டோம். ‘மீஸானை’ நாம் மனனம் செய்திருந்தோம்; அதை மனனம் செய்யாத பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஏன் விழிக்கிறான் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நம் உஸ்தாதுமார்களும் அவ்வாறே அமர்த்தப்பட்டவர்கள்தாம். ஆகவே ஸ்பானிய மொழி ஆசிரியர்களின் பயிற்சி வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது அது நமக்கு அந்நிய விஷயமாகத் தோன்றவில்லை. தேடிப் போனால், அவ்வரலாற்றின் முதல் அத்தியாயமே அந்தலூஸின் வீழ்ச்சியோடு பின்னிக் கிடக்கிறது.

அரசியின் கேள்வி

1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனடா வீழ்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சலமன்கா நகரில் ஒரு நூல் அச்சாயிற்று. அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் அறிஞர் இயற்றிய கஸ்தீலிய மொழி இலக்கணம் அது. கஸ்தீலியம் என்பது இன்று நாம் ஸ்பானியம் என்றழைக்கும் மொழியின் அக்காலப் பெயர். இன்றும் அப்பெயர் வழக்கில் உண்டு. அக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணம்தான். தாய் தன் பிள்ளையோடு பேசும் மொழிக்கு இலக்கணம் எதற்கென்று கற்றோரே நகைத்திருப்பர். நூலின் மாதிரிப் படியைக் கண்ட அரசி இசபெல்லாவும் இதனால் என்ன பயன் என்று வினவினாராம். நெப்ரிஹா வாய் திறக்கும் முன் அருகிருந்த ஆவிலா நகரப் பிஷப் அவருக்காக விடையளித்தார்: அரசி வேற்று மொழி பேசும் மக்களை வெல்லும்போது அவர்கள் வென்றவரின் சட்டத்தையும் மொழியையும் ஏற்க வேண்டிவரும், அப்போது இந்நூல் உதவும் என்பது அவ்விடையின் சாரம். இதனை நூலின் முன்னுரையில் நெப்ரிஹாவே பதிவு செய்துள்ளார்.

அவ்விடைக்கேற்பவே நூலின் ஐந்தாம் பகுதி அமைந்திருக்கிறது. முதல் நான்கு பகுதிகள் மொழியை அறிந்தவர்களுக்கானவை. ஐந்தாவது, வேற்று மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு கஸ்தீலியம் கற்க வருவோருக்கானது. எழுத்துகளும், பெயர்ச்சொல், வினைச்சொல் வாய்பாடுகளும் அதில் சுருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஸ்பானியத்தைப் பிறமொழியாளருக்குக் கற்பிக்கும் பாடநூல்களின் வரிசையைத் தொடங்குவோர் இப்பகுதியிலிருந்தே தொடங்குவது வழக்கம். அது கற்பிக்கும் நூலன்று, பட்டியல் என்பது நம் கருத்து. வாய்பாடு இருக்கிறது, அதை வகுப்பில் எந்த வரிசையில், எந்த மொழி வாயிலாக விளக்குவது என்னும் வழிகாட்டல் இல்லை. அந்நூல் ஆசிரியர் வாழ்நாளில் மறுபதிப்பும் காணவில்லை. அவருடைய இலத்தீன் இலக்கணமோ பதிப்புமேல் பதிப்பாக விற்றது.

அரசிக்கு விடை சொன்ன அந்த ஆவிலா பிஷப்பின் பெயர் எர்னாந்தோ தெ தலவெரா. அவர் அரசியின் பாவமன்னிப்புக் குரு. கிரனடா வீழ்ந்தபின் அந்நகரின் முதல் பேராயராக அனுப்பப்பட்டவரும் அவரே. வென்றவரின் மொழியை வெல்லப்பட்டவர் கற்றே தீரவேண்டும் என்று சலமன்காவில் சொன்னவர், கிரனடாவின் தெருக்களில் நின்றபோது அதற்கு நேர்மாறான வழியைப் பற்றினார்.

பேராயரும் பெத்ரோவும்

கிரனடா ஒப்படைக்கப்பட்டபோது எழுதப்பட்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் ஷரீஅத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாதுகாப்பு உறுதி அளித்திருந்தது. தலவெராவின் நோக்கம் மதமாற்றமே. அதில் மயக்கம் வேண்டியதில்லை. அவரைப் போற்றி எழுதும் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் இதனை மென்மையாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அந்நோக்கத்துக்கு அவர் தேர்ந்த வழிதான் நம் ஆய்வுக்குரியது. மக்களை உடனே கஸ்தீலியம் கற்கச் சொல்வதற்கு முன், மக்களிடம் செல்லும் தம் பாதிரிகளை அரபி கற்கச் சொன்னார். முதுமையில் தாமும் அதைக் கற்க முயன்றார். கிரனடா மக்கள் அவரை ‘ஃபகீஹ்’ என்னும் சொல்லாலேயே மதிப்போடு குறிப்பிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

ஆசிரியர்கள் கற்க வேண்டுமானால் அவர்களுக்கு நூல் வேண்டும். அதற்காக பெத்ரோ தெ அல்கலா என்னும் துறவி இரு நூல்களைத் தொகுத்தார். ஒன்று அரபியை எளிதில் அறிவதற்கான இலக்கணம். மற்றொன்று கஸ்தீலியச் சொற்களுக்கு அரபிப் பொருள் தரும் அகராதி. இரண்டும் 1505இல் கிரனடாவில் அச்சாயின. அச்சேறிய அரபி அகராதிகளுள் மூத்தது இதுவே என்பர். அகராதியின் கஸ்தீலியத் தலைச்சொற்களை அவர் புதிதாகத் திரட்டவில்லை. நெப்ரிஹாவின் கஸ்தீலிய-இலத்தீன் அகராதியை எடுத்து, இலத்தீன் இருந்த இடத்தில் அரபியை வைத்தார். ஆளும் மொழியைப் பரப்ப எழுந்த ஓர் உழைப்பு, ஆளப்பட்டவரின் மொழியை ஆள்வோர் கற்கும் கருவியாக இவ்வாறு உருமாறியது.

நம் போன்ற அரபி ஆசிரியர்களை இந்நூல் வேறொரு காரணத்தாலும் ஈர்க்கிறது. பெத்ரோ கற்பித்தது நஹ்வு நூல்களின் அரபியன்று. கிரனடாவின் கடைத்தெருவில் பேசப்பட்ட அரபி. அரபி எழுத்தறியாத பாதிரிகளுக்காக அதனைக் கஸ்தீலிய எழுத்திலேயே எழுதினார். அவ்வெழுத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டார். அரபி எழுத்து காட்டாத உயிரொலிகளை அவருடைய எழுத்துமுறை காட்டிவிடுகிறது. ‘பாப்’ (வாயில்) என்னும் சொல்லை கிரனடாவாசிகள் ‘பீப்’ என்று ஒலித்தனர் என்பது அவர் நூலில் தெளிவாக இருக்கிறது. கிராஅத் பயின்றோர் ‘இமாலா’ என்று அறிவார்களே, அதன் முற்றிய வடிவம் இது. கிரனடாவின் நடுச்சதுக்கம் இன்றும் ‘பீப்-ரம்ப்லா’ என்று வழங்குவது, மணல்வாயில் எனப் பொருள்படும் ‘பாப் அர்-ரம்லா’வின் அந்த ஒலிப்பினால்தான். இதையெல்லாம் அவர் உள்ளூர் ஃபகீஹ்களிடம் கேட்டு எழுதினார். அதாவது பாதிரிகளுக்கு ஆசிரியர் பெத்ரோ; பெத்ரோவுக்கு ஆசிரியர்கள் கிரனடாவின் உலமாக்கள். அவர்களுடைய பெயர்கள் அந்நூலின் அட்டையில் இடம்பெறவில்லை. ஒரு மார்க்கத்தைக் கரைப்பதற்காகத் தொகுக்கப்பட்ட அந்நூலே, மறைந்துபோன கிரனடா அரபியைப் பற்றி மொழியியலாளருக்குக் கிடைத்துள்ள தலையாய சான்றாக இன்று நிற்கிறது.

நூல் அச்சானபோது அதை வேண்டியவரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1499இல் தொலேதோவின் பேராயர் ஸிஸ்னெரோஸ் கிரனடாவுக்கு வந்தார். தலவெராவின் நிதானம் அவருக்குப் பிடிக்கவில்லை. கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்கு நடந்தது. அல்பைசீன் மேட்டுப்பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியையே காரணமாகக் காட்டி உடன்படிக்கை செல்லாதது எனப்பட்டது. 1502க்குள் கஸ்தீலிய ஆட்சிப் பகுதி முழுவதிலும் மதம் மாறுவதா, நாடு துறப்பதா என்னும் இரண்டே வழிகள் முஸ்லிம்களுக்கு விடப்பட்டன. மாற்றப்பட்டவர்களே மொரிஸ்கோக்கள். அரபி நூல்கள் பீப்-ரம்ப்லா சதுக்கத்தில் எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டு, ஸிஸ்னெரோஸ் தாமே நிறுவியிருந்த பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. அப்பல்கலைக்கழகம் இருந்த ஊர் அல்கலா தெ எனாரெஸ்! முதுமையில் நெப்ரிஹா ஸிஸ்னெரோஸின் ஆதரவில் பாடஞ்சொல்லி, 1522இல் கண்மூடியதும் அவ்வூரில்தான். தலவெரா சமய விசாரணை மன்றத்தின் வழக்குக்கு ஆளாகி, உறவினர்கள் சிறைப்பட்டதைக் கண்டு, 1507இல் இறந்தார்.

மூன்றாண்டுத் தவணை

1526இல் ஐந்தாம் கார்லோஸ் அரசர் கிரனடாவில் தங்கியிருந்தபோது அரபி மொழிக்கும் உடைக்கும் முதல் பொதுத்தடை பிறந்தது. மொரிஸ்கோக்கள் பெருந்தொகை செலுத்தி அதனை நிறுத்திவைத்தனர். அந்த அவகாசம் 40 ஆண்டுகள் நீடித்தது. இக்காலத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்ததையும் சொல்ல வேண்டும். 1559இல் சேசு சபையார் அல்பைசீனில் மொரிஸ்கோப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கினர். அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஹுவான் தெ அல்போதோதோ. கிரனடாவில் மொரிஸ்கோக் குடும்பத்தில் பிறந்து சேசு சபையில் சேர்ந்தவர். இரு மொழியும் அறிந்தவர். மாணவனின் வீட்டு மொழியை அறிந்த ஓர் ஆசிரியர் கஸ்தீலியம் கற்பித்தார் என்பதே அப்பாடசாலையின் சிறப்பு. ஆனால் ஒரு நாட்டுக்கு ஓர் அல்போதோதோ போதுமா?

1567 ஜனவரி 1ஆம் நாள், அவர் மகன் இரண்டாம் பிலிப் அரசரின் கட்டளை கிரனடாவில் முழங்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் அனைவரும் கஸ்தீலியம் கற்றுவிட வேண்டும். அதன்பின் அரபியில் பேசுவதும் படிப்பதும் எழுதுவதும், வெளியிலாயினும் வீட்டுக்குள்ளாயினும், குற்றம். அரபி நூல்களை நீதிமன்றத் தலைவர் பெத்ரோ தெ தெஸாவிடம் ஒப்படைக்க வேண்டும். அரபியில் எழுதிய ஒப்பந்தங்கள் செல்லா.

தவணை குறிக்கப்பட்டது, தண்டனையும் குறிக்கப்பட்டது. அல்புஹாரா மலைச்சிற்றூர்களில் வாழும் உழவனுக்கும் பட்டுநூல் நூற்கும் அவன் மனைவிக்கும் மூன்றாண்டில் இம்மொழியைக் கற்பிக்கப் போகும் ஆசிரியர் யார்? அத்தகைய ஆசிரியர்களை உருவாக்கும் திட்டம் எதுவும் அக்கட்டளையோடு வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காக அல்பைசீனில் பெயர்ப்பட்டியல் எடுக்க முற்பட்டபோது, குழந்தைகளைப் பறித்துக் கஸ்தீலியாவுக்குக் கொண்டு செல்லவே இந்த ஏற்பாடு என்று பெற்றோர் நடுங்கினர். நம்பிக்கை இழந்த இடத்தில் பள்ளிக்கூடமும் சிறைக்கூடமாகவே தோன்றும்.

அப்போது முதியவர் ஒருவர் தெஸாவிடம் நீண்ட முறையீடு ஒன்றை அளித்தார். பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்பது அவர் பெயர். சிறுவயதில் பேராயர் தலவெராவின் பணியாளாக அவரோடு மலைக்கிராமங்களுக்குச் சென்றவர். அந்நாளில் தலவெரா, வழிபாட்டின்போது இலத்தீனில் கூற வேண்டிய வாழ்த்துரைக்குப் பதிலாக ‘பாரக ஃபீகும்’ என்னும் பொருளில் அரபியிலேயே வாழ்த்தியதை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவுகூர்கிறார். அவருடைய வாதங்கள் கூர்மையானவை. எகிப்திலும் சிரியாவிலும் மால்ட்டாவிலும் கிறிஸ்தவர்கள் அரபி பேசுகிறார்கள். அதனால் அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லாமற் போய்விடவில்லை. மொழி வேறு, மார்க்கம் வேறு. ஒரு சிற்றூரில் பிறந்து, அங்கேயே முதுமையடைந்து, தன் அரபியையே திருத்தமாகப் பேசத் தெரியாத கிழவன் குறித்த தவணைக்குள் இன்னொரு மொழியை எவ்வாறு கற்பான்? கற்க இயலாத ஒன்றைக் கட்டளையிடுவது மக்களைக் குற்றவாளிகளாக்குவதற்கே என்பது அவர் முறையீட்டின் உள்ளக் குமுறல்.

முறையீடு ஏற்கப்படவில்லை. 1568 டிசம்பரில் அல்புஹாராவில் கிளர்ச்சி வெடித்தது. இரண்டாண்டுப் போருக்குப் பின் கிரனடா மொரிஸ்கோக்கள் கஸ்தீலிய ஊர்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை நடந்த நாடுகடத்தலில் ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 3,00,000 பேர் வெளியேற்றப்பட்டனர்.

முலேயின் வாதம் மெய் என்பதற்குச் சான்று ஸ்பெயினிலேயே முன்பிருந்து கிடந்தது. கஸ்தீலிய, அரகோன் பகுதி முஸ்லிம்கள் எந்த அரச கட்டளையும் இன்றியே, அண்டை வீட்டாரோடு பழகிப் பழகி, ஸ்பானிய மொழிக்கு மாறியிருந்தனர். ஸெகோவியா நகர முஃப்தியாக இருந்த ஈஸா என்பவர் ஃபிக்ஹுச் சுருக்கம் ஒன்றை 1462இலேயே கஸ்தீலியத்தில் எழுதினார். தம் மக்கள் அரபியை இழந்துவிட்டதே காரணம். அரகோன் மொரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதினர். ‘அல்-அஜமிய்யா’ என்னும் சொல்லின் திரிபாக அது ‘அல்ஹமியாதோ’ எனப்படுகிறது. 1884இல் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித்தளத்தின் கீழ் மறைத்துவைக்கப்பட்டிருந்த இத்தகைய சுவடிகள் ஏராளமாக வெளிப்பட்டன. அரபுத்தமிழ் நூல்களை நம் பாட்டிமார் ஓதக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது எவ்வகை இலக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நாடுகடத்தப்பட்டு தூனிஸ் சென்ற மொரிஸ்கோக்களுள் பலர் அங்கும் ஸ்பானிய மொழியிலேயே மார்க்க நூல்களை எழுதினர். அவர்கள் பேசத் தெரியாததற்காக விரட்டப்பட்டவர்கள் அல்லர்.

கடலுக்கு அப்பால்

கிரனடாவுக்கு மூன்றாண்டுத் தவணை விதித்த அதே இரண்டாம் பிலிப், தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில் வேறு குரலில் பேசினார். அமெரிக்கக் குடியேற்றங்களின் பூர்வகுடிகள் அனைவரையும் ஸ்பானியம் கற்கக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று அவருடைய ஆலோசனை சபை 1596இல் பரிந்துரைத்தபோது, அவர்களின் இயல்பான மொழியை விடும்படி நிர்ப்பந்திப்பது தகாது, தாமே விரும்பிக் கற்போருக்கு ஆசிரியர்களை அமர்த்தலாம் என்று விடையிறுத்தார். கிரனடாவின் இரத்தம் கற்பித்த பாடமோ, தொலைதூரத்து மக்களைக் கட்டாயப்படுத்த ஆளில்லாமையோ, எதுவாயினும் இக்கொள்கை பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் நிலைத்தது.

அத்தீவுகளை அரசரின் பெயரால் அழைத்த ஸ்பானியர், 1571இல் மணிலாவைத் தலைநகராக்கினர். அங்கு ராஜா ஸுலைமான் போன்ற முஸ்லிம் ஆட்சியாளர்களைக் கண்டதும், தம் நாட்டு முஸ்லிம்களுக்கு வழங்கிய ‘மோரோ’ என்ற பெயரையே இவர்களுக்கும் சூட்டினர். பாதிரிகளோ தலவெராவின் வழியிலேயே சென்றனர். உள்ளூர் மொழிகளைக் கற்று அவற்றிலேயே போதித்தனர். அவ்வகையில் தகாலு மொழியின் இலக்கணம் 1610இல் பத்தான் என்னும் இடத்தில் அச்சாயிற்று. அதை அச்சிட்டவர் தோமாஸ் பின்பின் என்னும் தகாலர். அதே ஆண்டு, அதே அச்சகத்தில் அவர் தாமே எழுதிய நூல் ஒன்றும் வெளிவந்தது. தகாலர்கள் கஸ்தீலியம் கற்பதற்காகத் தகாலு மொழியில் எழுதப்பட்ட நூல் அது.

நெப்ரிஹாவின் ஐந்தாம் பகுதியையும் பின்பின்னின் நூலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதனாமுறை என்பது என்னவென்று விளங்கும். பின்பின் இலக்கண அறிஞர் அல்லர், அச்சுத்தொழிலாளி. ஆனால் தாமே அந்நிய மொழியைத் தடுமாறிக் கற்றவர். தம்மவர் எவ்வொலியில் நாக்குழறுவர், எச்சொல்லைப் பிழைபடப் புரிந்துகொள்வர் என்பதை அனுபவத்தால் அறிந்தவர். தகாலு அடியும் கஸ்தீலிய அடியும் மாறிமாறி வரும் பாடல்களை நூலில் சேர்த்தார். பாடிக்கொண்டே சொற்கள் நெஞ்சில் பதியும். பயிற்சிப் பள்ளி ஏதுமில்லாத காலத்தில் நல்லாசிரியர் ஒருவர் இவ்வாறும் தோன்றியிருக்கிறார்.

1770இல் மூன்றாம் கார்லோஸ் அரசர் தம் ஆட்சிப்பகுதிகளில் உள்ளூர் மொழிகள் ஒழிந்து கஸ்தீலியம் மட்டுமே வழங்க வேண்டும் என்று ஆணையிட்டார். மீண்டும் ஆசிரியர் இல்லாத ஆணை. அது காகிதத்தில் தங்கிவிட்டது.

இதே பேரரசு தன் அந்திமக் காலத்தில்தான் சரியான முனையிலிருந்து தொடங்கிற்று. 1863 டிசம்பர் 20ஆம் நாள் வெளியான ஆணை, பிலிப்பைன்ஸின் ஒவ்வோர் ஊரிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தொடக்கப்பள்ளி அமைய வேண்டும் என்று கூறியதோடு நிற்கவில்லை. அப்பள்ளிகளுக்கான ஆசிரியர்களை ஆக்க, மணிலாவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் நிறுவியது. சேசு சபையாரின் பொறுப்பில் அது 1865 ஜனவரி 23ஆம் நாள் திறக்கப்பட்டது. மூன்றாண்டுப் படிப்பு. கஸ்தீலிய மொழி, கணிதம், வரலாறு, புவியியல், வேளாண்மை இவற்றோடு போதனாமுறை என்பதும் தனிப்பாடம். பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காகவே சிறுவர் பள்ளியொன்றும் அருகில் இணைக்கப்பட்டிருந்தது. அரசு செலவில் தங்கிப் பயின்றவர்கள் பின்னர் பத்தாண்டுகள் உள்ளூர்ப் பள்ளிகளில் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். தேர்ச்சியின் தரத்துக்கேற்ப, சிலருக்கு உயர்தர ஆசிரியர் பதவி, சிலருக்குத் தொடக்கநிலை, எஞ்சியோருக்கு உதவியாளர் நிலை. பயின்றவர்கள் அத்தீவுகளின் பிள்ளைகள். மாணவனின் தாய்மொழியை வீட்டிலேயே பெற்றவர்கள்.

அவ்வாணையிலும் தவணை உண்டு. ஓர் ஊரில் பள்ளி அமைந்து 15 ஆண்டுகள் கழிந்தபின், கஸ்தீலியம் பேசவும் படிக்கவும் எழுதவும் அறியாதவர் ஊர்ப்பெருமக்கள் வரிசையில் இடம்பெற முடியாது. பரம்பரை உரிமை உடையவர்க்கு விலக்கு. கிரனடாவில் தவணை கட்டளையின் நாளிலிருந்து ஓடியது. இங்கே பள்ளி திறந்த நாளிலிருந்து ஓடுகிறது. முந்நூறு ஆண்டுகளில் ஓர் அரசு கற்றுக்கொண்ட அளவு இவ்வளவே என்றாலும், அதைச் சிறிதென்று சொல்ல நமக்கு மனமில்லை.

கேட்டவர்க்குக் கிடைக்காத மொழி

இத்தனைக்குப் பிறகும் ஸ்பானியம் அத்தீவுகளில் பொதுமொழியாகவில்லை. ஊதியம் குறைவு, நூல்கள் குறைவு என்பன அறிந்த காரணங்களே. அவற்றினும் பெரிய தடை ஒன்று இருந்தது. ஊர்ப்பள்ளியை மேற்பார்வையிடும் அதிகாரம் பங்குக் குருவிடம் இருந்தது. அக்குருமார்கள் ஸ்பானியர்கள், உள்ளூர் மொழியைக் கற்றவர்கள். ஆள்வோருக்கும் மக்களுக்கும் இடையே அவர்களே பாலம். மக்கள் எல்லோரும் ஸ்பானியம் கற்றுவிட்டால் பாலத்துக்கு என்ன வேலை? பயிற்சி பெற்று வந்த ஆசிரியர் ஸ்பானியம் கற்பிக்க முற்பட்டால் குருவே முகஞ்சுளித்தார். 1887இல் வெளியான ஹோஸே ரிஸாலின் ‘நோலி மெ தாங்ஹெரே’ என்னும் நாவலில், ஸ்பானியத்தில் வணக்கம் சொன்னதற்காகவே குருவால் அவமதிக்கப்படும் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். தலவெராவின் கையில் வாயிலாக இருந்த உள்ளூர் மொழியறிவு, இவர்கள் கையில் தாழ்ப்பாளாக மாறியது.

1888 டிசம்பர் 12ஆம் நாள் மலோலோஸ் என்னும் ஊரில் நடந்தது இன்னும் வியப்பானது. இளம்பெண்கள் 20 பேர், தாங்கள் ஸ்பானியம் கற்க ஓர் இரவுப்பள்ளி வேண்டும் என்று எழுதிய மனுவை ஆளுநர் வெய்லரிடம் நேரில் அளித்தனர். பங்குக் குரு எதிர்த்தார். பலமுறை வேண்டியபின் 1889இல் பள்ளி திறக்கப்பட்டு, சில மாதங்களே நடந்து மூடப்பட்டது. அப்பெண்களைப் பாராட்டி ரிஸால் இலண்டனிலிருந்து மடல் எழுதினார். அம்மடல் தகாலு மொழியில் இருந்தது. கிரனடாவில் வேண்டாம் என்றவர் மீது திணிக்கப்பட்ட மொழி, மலோலோஸில் வேண்டும் என்றவர்க்கு மறுக்கப்பட்டது.

தென்கோடித் தீவுகளில் நிலைமை வேறு. ஸுலூ, மகிந்தனாவ் ஸுல்தான்களின் மக்கள் தம் மொழிகளை ஜாவி என்னும் அரபி எழுத்தில் எழுதிவந்தனர். ஸ்பானியப் பள்ளிகள் அவர்களை எட்டவேயில்லை. ஆனால் அவர்களுக்கு எதிரே ஸ்பானியர் கோட்டை கட்டிய ஸம்போவாங்கா நகரில், பல மொழி பேசிய மக்கள் கோட்டைச் சிப்பாய்களோடு பழகியதில் ‘சபகானோ’ என்னும் கலப்பு ஸ்பானியம் பிறந்தது. ஆசிரியரோ ஆணையோ இல்லாமல் பிறந்த அம்மொழி இன்றும் அங்கு வீட்டு மொழி.

1898இல் ஸ்பானிய ஆட்சி முடிந்தது. அடுத்து வந்த அமெரிக்கர் 1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் 500க்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கினர். அடுத்த மாதமே மணிலாவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைத் திறந்தனர். ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலம் பரவிய அளவு, மூன்று நூற்றாண்டுகளில் ஸ்பானியம் பரவியிருக்கவில்லை. விடுதலைக்குப் பின் 1950களில் கல்லூரி மாணவர்க்கு ஸ்பானியத்தைச் சட்டத்தால் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். மாணவர்கள் தேர்வுக்குப் படித்தார்கள், தேர்வோடு மறந்தார்கள்.

1987இல் நிறைவேறிய பிலிப்பைன்ஸ் அரசியலமைப்புச் சட்டம் அக்கட்டாயத்தை நீக்கியது. கல்வி, மொழி பற்றிய அதன் பதினான்காம் பிரிவில் பிலிப்பினோவும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகளாகக் குறிக்கப்பட்டபின், வேறு இரு மொழிகள் விருப்ப அடிப்படையில் வளர்க்கப்படும் என்று ஒரே தொடரில் சொல்லப்பட்டுள்ளன. அவை ஸ்பானியமும் அரபியும். பீப்-ரம்ப்லா சதுக்கத்தில் ஒன்றின் நூல்களை மற்றொன்றின் பெயரால் எரித்த இரு மொழிகள் வந்து சேர்ந்த இடம் இது.

அதன்பின் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் ஸ்பானியம் விருப்பப் பாடமாயிற்று. அதற்கான ஆசிரியர்களுக்குப் போதனாமுறைப் பயிற்சி தர மணிலாவிலுள்ள செர்வாந்தெஸ் கல்விக்கழகம் துணைநின்றது. அரபிக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. முஸ்லிம் பிள்ளைகள் பயிலும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் அரபி மொழியும் இஸ்லாமிய ஒழுக்கமும் கற்பிக்க 2004இல் கல்வித்துறை பாடத்திட்டம் வகுத்தது. கற்பிப்பதற்கு மத்ரஸாக்களில் ஓதி முடித்தவர்களே அழைக்கப்பட்டனர். ‘அஸாதிதா’ என்னும் நம் சொல்லே அங்கு ‘அஸாதித்’ என்று அரசு ஆவணங்களில் வழங்குகிறது. வகுப்பறைக்கு அனுப்பும் முன் அவர்களுக்குத் தகுதித் தேர்வு வைத்தார்கள். தேறியவர்களை ஆசிரியக் கல்லூரிகளில் சில வாரங்கள் அமர்த்தி, மொழிப் பயிற்சியோடு, சிறுவர்க்குப் பாடம் சொல்லும் முறையையும் கற்பித்தார்கள். தாடி நரைத்த உஸ்தாதுமார்களும் அந்த மாணவர் பலகைகளில் அமர்ந்தனர்.